நாளைக்குச் சொல்றேன்

அத்தாச்சிக்கு எதையும் தான் முதலில் வாயில் போட்டுப் பார்க்காமல் அடுத்தவர் வாய்க்கு விடத் தெரியாது.

நான் திருவிடைமருதூர்ப் பக்கத்துப் பெண். திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, ஊரைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி இருக்கிற இந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். வந்து முதன்முதலாக நான் வைத்த மீன்குழம்பை, பக்கத்துக் குடிசையிலிருந்து நேராக அடுப்படிக்கு வந்து, சட்டியைத் திறந்து, கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தது அத்தாச்சி. எங்க வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகள், அக்கா முறை. நான் கையில் கரண்டியோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உப்பு சரியா இருக்கா அத்தாச்சி?"

"உப்பு கெடக்குது. யாருக்கும் ஒண்ணும் ஆவாது, எறக்கி வையி."

ஒரு குழம்புக்குச் சொல்கிற பேச்சா இது என்று அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது.

அப்போது அத்தாச்சிக்கு நாற்பது வயது இருக்கலாம். ஒல்லியான உயரமான உடம்பு. நடவு வயலில் வரிசையாகக் குனிந்து நிற்கும்போதுகூட முதுகு மட்டும் மற்றவர்களைவிட ஒரு சாண் மேலே தெரியும். வாயில் எந்நேரமும் புகையிலை அடங்கியிருக்கும். "இவ்வளவு பொகையிலை போடுற நாக்குல என்ன அத்தாச்சி ருசி தெரியும்?" என்று யாராவது கேலி பண்ணினால், துப்பிவிட்டு வந்து, "தெரிய வேண்டியது தெரியும்" என்று சொல்லும். அவ்வளவுதான். வாயாடி இல்லை.

ஆனால் அந்த நாக்கைத் தெருவே நம்பியது. எங்கள் தெரு மட்டுமில்லை, வடக்கே இரண்டு மூன்று ஊர்த் தெருக்களும் நம்பின. மழைவிட்ட மறுநாள் பிள்ளைகள் காளான் பறித்துவந்தால் அத்தாச்சியிடம்தான் போகும். நல்ல காளானா விஷக்காளானா என்று பார்வையில் சொல்கிறவர்கள் வேறு ஊர்களில் உண்டு. அத்தாச்சி அப்படிப் பார்க்காது. ஒன்றை எடுத்து நெருப்பில் சுட்டுத் தின்னும். தின்றுவிட்டு, "மிச்சத்த மூடி வையி. நாளைக்குச் சொல்றேன்" என்னும். பெருவெள்ளம் வந்து வடிந்த வருஷம் அடிபம்பில் தண்ணீர் பழுப்பாக வந்தபோதும் அப்படித்தான். ஒரு சொம்பு அடித்துக் குடித்துவிட்டு, அன்றைக்கு யாரையும் பம்பைத் தொடவிடவில்லை. பிள்ளைகளுக்குக் கொடுக்க வாங்கிவந்த இருமல் மருந்தில்கூட ஒரு மூடி அதன் வாய்க்குள் போகும். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். நாளைக்குச் சொல்றேன்.

"அக்காவுக்கு நாக்கு கொஞ்சம் மெதுவா வேல செய்யும்" என்று எங்க வீட்டுக்காரர் சொல்லிச் சிரிப்பார். அத்தாச்சியும் சிரிக்கும்.

இதெல்லாம் எப்படித் தொடங்கியது என்று எனக்கு அவர்தான் சொன்னார். குடிப்பதே குற்றம் என்று சட்டம் இருந்த காலத்தில், அத்தாச்சியின் புருஷன் அறுப்பு முடிந்த ஒரு சாயங்காலம் எங்கிருந்தோ வந்த வார்னிஷைத் தண்ணீர் கலந்து குடித்தாராம். மறுநாள் உச்சிப்பொழுதில், வெயில் வாசலில் கொளுத்திக்கொண்டிருக்கும்போது, "இருட்டிப் போச்சே, இன்னும் ஏன் வெளக்கேத்தல?" என்று கேட்டாராம். அத்தாச்சி விளையாட்டு என்று நினைத்து, "சீமெண்ணெ இல்ல" என்று சொல்லியிருக்கிறது. பொழுது சாயும்போது ஆள் இல்லை. பிள்ளையும் கிடையாது. அதற்குப் பிறகுதான் தெருவுக்குள் வருகிற எந்தச் சரக்கும் அத்தாச்சி வாய் வழியாகத்தான் வரவேண்டும் என்று ஆனது. யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. சைக்கிள் டியூப்பில் சாராயம் அடைத்துக் கட்டிக்கொண்டு வருகிறவனை வாய்க்கால் பாலத்தில் மறித்து, "எனக்கு ஊத்து மொதல்ல" என்று கையை நீட்டி நின்றதாம். அவன் ஊற்றினான். ஒரு முழு டம்ளர். குடித்துவிட்டு, "நாளைக்கு வா" என்று அனுப்பிவிட்டது.

அதன் பிறகு எங்கள் தெருவில் கெட்ட சரக்கால் யாரும் சாகவில்லை. அதனால்தான் நம்பினார்கள்.

நான் வந்த மறு வருஷமோ அதற்கடுத்த வருஷமோ சட்டம் மாறியது. ஆட்சியில் இருந்தவர்கள் மதுவிலக்கை எடுத்துவிட்டு, கள்ளுக்கடையையும் சாராயக்கடையையும் ஏலத்துக்கு விட்டார்கள். எங்கள் பக்கத்துக் கடையை எடுத்தது ஆண்டையின் மச்சான். நிலத்துக்காரரை நாங்கள் ஆண்டை என்றுதான் சொல்வோம். இந்தத் தெருவில் எல்லாரும் அவர் வயலில் வேலை செய்தவர்கள்தான்.

அந்த வருஷம் தை மாதம் பயிர் சாய்ந்து கிடந்தது. அப்படி ஒரு விளைச்சல். ஆனால் அறுப்பு நடக்கவில்லை. அறுப்புக் கூலியில் கலத்துக்கு ஒரு படி நெல் கூடக் கேட்டு எங்கள் சங்கம் நின்றது. ஆண்டை தரமுடியாது என்றார். வெளியூரிலிருந்து லாரியில் ஆள் கொண்டுவந்து அறுத்துக்கொள்வேன் என்றார். லாரி வருவதற்கு ஒரே வழி, வாய்க்கால் மதகுப் பாலம். அந்தப் பாலத்தில் எங்கள் ஆண்கள் முறை வைத்துக் காவல் இருந்தார்கள். வேலை இல்லை. அடுப்பில் மரவள்ளிக்கிழங்கும் கீரையும்தான். கதிர் முற்றி மணி உதிர ஆரம்பித்துவிட்டது. இன்னும் நாலு நாள் போனால் ஆண்டைதான் இறங்கி வரவேண்டும் என்று சங்கத்துச் செயலாளர் சொல்லிக்கொண்டிருந்தார். அவரும் எங்கள் தெருக்காரர்தான், நல்ல மனுஷன்.

அந்த நேரம் பார்த்து ஆண்டையின் காரியக்காரர் தெருவுக்கு வந்தார். பண்ணை வேலைகளையெல்லாம் பார்க்கிறவர். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் செருப்போடுகூட வரமாட்டார், ஆள் விட்டுத்தான் கூப்பிடுவார். அன்றைக்கு நேராக அத்தாச்சி வாசலுக்கு வந்து நின்றார். கையில் ஒரு மண் கலயம், வாய் துணியால் கட்டியிருந்தது.

"வாங்க" என்று அத்தாச்சி எழுந்து நின்றது.

"உக்காரு, உக்காரு. கூலிச் சண்டை வேற, கடை வேற. நாளைக்கு மறுநாள் மச்சான் கடை தெறக்கிறாரு. தெறக்கறதுக்கு முன்னாடி நம்ம சனங்களுக்கு ஒரு விருந்து வைக்கணும்னு ஆசப்படறாரு. காசு கெடையாது. மூணு தினுசு வைக்கிறோம். குடிச்சுப் பாத்துட்டு எது நல்லாருக்கு, எதுக்கு எது சேருதுன்னு நீங்க சொல்லுங்க. நீங்க சொல்றதத்தான் கடையில வைக்கப்போறோம்."

தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. சங்கத்துச் செயலாளரும் வந்தார்.

"என்னத்தக் கலந்து எடுத்துட்டு வந்திருக்கீங்க?" என்று நேராகவே கேட்டார்.

காரியக்காரர் சிரித்தார். "இப்படிக் கேப்பீங்கன்னு தெரிஞ்சுதான் இத முன்னாடியே கொண்டாந்தேன். உங்க ஊர்ல ஒரு நாக்கு இருக்காமே. அது பாத்துச் சொல்லட்டும். நல்லதுன்னா வாங்க. இல்லைன்னா வராதீங்க."

கலயத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்குத் தெருவில் பேச்செல்லாம் விஷம்தான். கூலிச் சண்டை நடக்கிற ஊர்களில் என்னென்னவோ நடந்திருந்த காலம் அது. குடிசைக்கு நெருப்பு வைக்கிறவன் குடிக்கிறதில் கலக்கமாட்டானா என்று பேசிக்கொண்டார்கள். அத்தாச்சி கலயத்தைத் திறந்தது. ஊறின சோற்று வாசனையும் கனிந்த வாழைப்பழ வாசனையும் ஒன்றாக வந்தன. பண்ணையில் சம்பா நொய்யை வேகவைத்து, ஊறப்போட்டு வடித்த அரிசிச் சாராயம். முழுசாக இரண்டு டம்ளர் குடித்தது.

"என்ன அக்கா?" என்றார் எங்க வீட்டுக்காரர்.

"நாளைக்குச் சொல்றேன்."

மறுநாள் பொழுது ஏறி, இறங்கி, சாயங்காலம் ஆனபிறகு செயலாளரைக் கூப்பிட்டுச் சொன்னது. "ஒண்ணும் கலக்கல. சுத்தமான சரக்கு. நான் குடிச்சதுலயே நல்லது இதுதான்."

செயலாளர் கொஞ்சம் யோசித்தார். "அப்படின்னா போலாம். வயித்துக்காவது நல்ல சோறு கெடைக்கும்" என்றார்.

நாங்கள் எல்லாரும் விஷம் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தோம்.

அன்றைக்கு ராத்திரியே விருந்து, ரோட்டோரத் தென்னந்தோப்பில் புதிதாகப் போட்ட கீற்றுக் கொட்டகையில். பெஞ்சு போட்டிருந்தார்கள். எங்கள் ஆண்களைப் பெஞ்சில் உட்காரவைத்து இலை போட்டார்கள். ஆண்டை வீட்டு விசேஷம் என்றால் எல்லாரும் சாப்பிட்டு முடித்தபிறகு கொல்லைப்புறத்தில் நின்று வாங்கிவந்து பழக்கம். இலைக்கு முன்னால் உட்கார்ந்த பலபேருக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அத்தாச்சிக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். முதலில் மறுத்தது. பிறகு உட்கார்ந்தது. பெண்கள் நாங்கள் சோற்றுப் பானைகள் இருந்த பக்கம் நின்றோம்.

முதலில் தென்னங்கள்ளும் அவித்த மொச்சையும் வந்தது. அடுத்து, ஆலையிலிருந்து வரும் பீப்பாய்ச் சாராயம், தொட்டுக்கொள்ள ஆட்டுக்குடல். கடைசியாக அரிசிச் சாராயம், சின்னச் சின்னப் பித்தளை டம்ளரில், கூட வயல் நண்டும் குறவை மீன் வறுவலும். ஒவ்வொன்று முடிந்ததும் காரியக்காரர் வரிசையாக வந்து, "எப்படி இருக்கு? சொல்லுங்க, கூச்சப்படாம சொல்லுங்க" என்று கேட்டார். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் ஒருத்தர், "கொடலுக்கு இந்தப் பீப்பாச் சரக்குதாங்க சேரும். அது கொஞ்சம் கடுப்பா இருக்கறதால கொழுப்ப அறுக்குது" என்றார். காரியக்காரர் தலையை ஆட்டினார். உடனே இன்னொருத்தர், "கொறவைக்கு அரிசிச் சரக்குதான்" என்றார். "நண்டுக்குக் கள்ளு." "இல்லைங்க, கள்ளு வெறும் வயித்துக்குத்தான் நல்லாருக்கும்."

பேச்சு வளர்ந்துகொண்டே போனது. எங்க வீட்டுக்காரர் டம்ளரை மூக்கில் வைத்து மோந்து, "நாம அறுக்கற நெல்லுக்குள்ள இவ்வளவு வாசன இருக்குதா!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. உங்களுக்கு எது பிடிக்கிறது என்று எங்கள் ஆண்களை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. சாராயத்தைவிட அந்தக் கேள்விதான் அவர்களுக்கு ஏறிப்போனது என்று இப்போது தோன்றுகிறது. அரிசிச் சாராயம் மறுபடி மறுபடி வந்தது. எரியாமல் இறங்குகிற சரக்கு. குடிக்கிறவனுக்கு எவ்வளவு குடித்தோம் என்றே தெரியாது.

அத்தாச்சி அன்றைக்கு அதிகம் குடிக்கவில்லை. ஒவ்வொரு பானையிலிருந்தும் முதல் டம்ளரில் ஒரு வாய். அதற்குள்ளேயே ஒரு பூரிப்பு அதன் முகத்தில் இருந்தது. நாற்காலியிலிருந்து திரும்பி என்னைப் பார்த்து, "வா புள்ள, நீயும் தொட்டுப் பாரு. ஒண்ணும் ஆவாது" என்றது.

மதகுப் பாலத்தில் அன்றைக்குக் காவல் முறை யாருடையது என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

கீழ்வானம் வெளுக்கும்போது லாரிச் சத்தம் கேட்டது. நான் எழுந்து வெளியே வந்தபோது அத்தாச்சி ஏற்கெனவே வாசலில் நின்றது. பாலத்தின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக லாரிகள், முன்னால் ஒரு போலீஸ் வேன். லாரி நிறைய ஆட்கள், கையில் அரிவாள். நாங்கள் வீடு வீடாக ஓடி ஆண்களை உலுக்கினோம். எங்க வீட்டுக்காரர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். தண்ணீரை எடுத்து மூஞ்சியில் ஊற்றினேன். எழவில்லை. தெருவில் அத்தனை வீட்டிலும் அப்படித்தான்.

பெண்கள் நாங்கள் ஓடினோம். அத்தாச்சி எல்லாருக்கும் முன்னால் ஓடியது. வயலில் இறங்கிய வெளியூர்ப் பெண்ணொருத்தியின் அரிவாளைப் பிடித்துக்கொண்டு, "இது எங்க அறுப்பு தாயி, வேணாம்" என்று கெஞ்சியது. அந்தப் பெண்ணும் எங்களைப் போலத்தான் இருந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. "எங்களுக்குத் தெரியாதுக்கா. கூலின்னு கூட்டியாந்தாங்க" என்றாள். ஒரு போலீஸ்காரர் அத்தாச்சியின் தோளைப் பிடித்துத் தள்ளினார். வரப்பிலிருந்து சரிந்து வயலுக்குள் விழுந்தது.

வெயில் ஏறினபிறகு ஆண்கள் ஒவ்வொருவராகத் தள்ளாடி வந்தார்கள். வந்த கோலத்தில் கத்தினார்கள், கல்லை எடுத்தார்கள். குடித்துவிட்டுக் கலாட்டா செய்ததாகச் சொல்லி அத்தனை பேரையும் வேனில் ஏற்றினார்கள். செயலாளரையும், எங்க வீட்டுக்காரரையும். அவர்கள் வெளியே வந்தபோது களத்தில் நெல் தூற்றி முடிந்து, வைக்கோல் போர் போட்டாகிவிட்டது. கூலி பழைய கூலிதான். அதற்கும் அடுத்த போகத்தில் ஆண்டை யாரைக் கூப்பிடுவாரோ என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டியதாயிற்று.

பழி அத்தாச்சி மேல் வந்தது. "நீதானே நல்லதுன்னு சொன்ன" என்று கேட்காத வீடு இல்லை. நாற்காலி போட்டதும் மயங்கிவிட்டது என்றார்கள். அதைவிட மோசமாகவும் பேசினார்கள். செயலாளர் ஒருத்தர்தான், "அவ சரக்கப் பத்திச் சொன்னா. சண்டையப் பத்திச் சொல்ல வேண்டியவன் நானு" என்று சொன்னார். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காரியக்காரர் ஒருநாள் நடவு வரப்பில் அத்தாச்சியைப் பார்த்து, "நாங்க என்ன கெட்ட சரக்கா குடுத்தோம்? நல்லதுன்னு நீயேதானே சொன்ன" என்று சிரித்துக்கொண்டே போனார். நான் பக்கத்தில் நாற்று முடியை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அத்தாச்சி குனிந்தபடியே நட்டுக்கொண்டு போனது. அதன் வரிசை மட்டும் கோணலாகப் போயிற்று.

அதோடு வாயில் வைத்துப் பார்ப்பதை விட்டுவிட்டது. பிள்ளைகள் காளான் கொண்டுவந்தால், "எனக்குத் தெரியாது, போங்க" என்றது. என் குழம்புச் சட்டியைத் திறப்பதும் நின்றது. அது எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

சில வருஷத்திலேயே சாராயக்கடைகளை மறுபடியும் மூடிவிட்டார்கள். அதையொட்டித்தான் குடியிருக்கிற மனைக்குப் பட்டா கொடுத்தார்கள். அதுவரை எங்கள் குடிசை நின்ற மண் ஆண்டையுடையது. கோபம் வந்தால், காலி பண்ணு என்பார்கள். பட்டா கொடுத்த அன்று அத்தாச்சி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டது. மண்ணைக் காலால் மிதித்துக் காட்டி, "இது எனக்காமே புள்ள" என்றது. கூரையைப் பிரித்துப் புதுக் கீற்று வேய்ந்தது. முருங்கைக் கொம்பு ஊன்றியது. பறங்கி விதை போட்டுக் கூரைமேல் கொடி ஏற்றியது. காலையில் எழுந்ததும் ஒவ்வொன்றையும் போய்த் தொட்டுப் பார்க்கும். தெருவோடு பேச்சு அதிகம் இல்லை. ஆனால் வேலிக்குள் நின்று தனக்குத்தானே பேசிக்கொள்வது எனக்குக் கேட்கும்.

கடை மூடியதும் சைக்கிள் டியூப் மறுபடி வந்தது. ஓர் ஆடிப்பெருக்கு அன்று, வாய்க்காலில் புதுத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓட, பெண்கள் எல்லாரும் மஞ்சளும் பூவுமாகக் கரையில் நின்றோம். எங்க வீட்டுக்காரர் ஒரு பாட்டிலோடு அத்தாச்சி வாசலுக்குப் போனார். அவருக்கு அத்தாச்சி மேல் எப்போதும் கோபம் இருந்ததில்லை.

"அக்கா, புது ஆளு கொண்டாந்திருக்கான். கொஞ்சம் பாத்துச் சொல்லு."

"எடுத்துட்டுப் போ. நான் பாக்கறதில்ல."

"இன்னுமா அந்தக் கோவம்? நான் ஒன்ன ஒரு வார்த்த சொல்லியிருக்கனா?"

"ஆமா, கோவந்தான். போ. நீயும் குடிக்காத."

அவர் சிரித்துக்கொண்டே வந்துவிட்டார். மேலத்தெரு ஆட்கள் இரண்டு பேரோடு உட்கார்ந்து குடித்தார்.

மறுநாள் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். பிறகு பீடிக்கட்டை எடுக்கக் கையை நீட்டித் தரையைத் தடவிக்கொண்டே இருந்தார். கட்டு அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. மாட்டுவண்டியில் ஏற்றி, அப்புறம் பஸ்ஸில் ஏற்றி, தஞ்சாவூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மேலத்தெருக்காரர்கள் இரண்டு பேரும் செத்துப்போனார்கள். இவருக்கு உயிர் மிஞ்சியது. கண் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பொறுமையாகப் பேசுவார். அழுகையோடு அழுகையாக அவரிடம் சொன்னேன். "எங்க தெருவுல ஒருத்தங்க இருக்காங்கம்மா. வாயில வச்சா நல்லதா கெட்டதான்னு சொல்லிடுவாங்க. இவரு போயிக் கேட்டாரு. அவங்க பாக்கமாட்டேன்னுட்டாங்க."

டாக்டரம்மா தலையை ஆட்டினார். "அத நாக்கால கண்டுபிடிக்கவே முடியாதும்மா. நல்லதும் கெட்டதும் ஒரே ருசிதான். குடிச்சவங்களுக்கு மறுநாள்தான் தெரியும்."

எங்க வீட்டுக்காரரைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த வார்த்தையையே நினைத்துக்கொண்டு வந்தேன். மன்னார்குடி தாண்டியதும்தான் எனக்கு உறைத்தது. உடம்பு நடுங்கியது. பக்கத்தில் அவர், "குளுருதா?" என்று கேட்டார்.

வந்த அன்றே அத்தாச்சி வேலிக்குப் போய் நின்றேன். முருங்கைக்கு அடியில் மண் அணைத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தது. கிட்டே வரவில்லை.

"டாக்டரு என்ன சொன்னாங்க?"

"நாக்கால பாத்துச் சொல்ல முடியாதாம், அத்தாச்சி. மறுநாள்தான் தெரியுமாம்."

கையில் ஒட்டியிருந்த மண்ணைப் புடவையில் துடைத்தது.

"எனக்குத் தெரியும் புள்ள."

"தெரிஞ்சேவா இத்தன வருஷம் குடிச்சீங்க?"

"யாராவது ஒருத்தர் மொதல்ல குடிக்கணுமில்ல? ஒங்களுக்கெல்லாம் புள்ளகுட்டி இருக்கு. எனக்கு யாரு இருந்தா? போனாப் போவட்டும்னுதான் ஒவ்வொரு தடவையும் குடிச்சேன். மறுநா கண்ணு முழிச்சா, சரி, குடிக்கலாம்னு சொல்லுவேன். அவ்வளவுதான். நாக்குன்னு நீங்களாச் சொல்லிக்கிட்டீங்க."

"அப்ப இவரு கொண்டாந்தப்ப மட்டும் ஏன் அத்தாச்சி? எங்க மேல இருந்த கோவமா?"

அத்தாச்சி நிமிர்ந்து கூரையைப் பார்த்தது. கூரைமேல் பறங்கிப் பூக்கள் மஞ்சளாக விரிந்திருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே, "கோவமில்ல புள்ள. பயம்" என்றது. "பாட்டிலப் பாத்ததும் பயம் வந்துடுச்சு. எனக்குச் சாவப் புடிக்கல. வெக்கமா இருந்துச்சு சொல்ல. அதான் கோவம்னு சொன்னேன்."

நான் திரும்பி வந்துவிட்டேன். திட்டவுமில்லை, தேற்றவுமில்லை. அதன் பிறகு வேலி வழியாகப் பேச்சு குறைந்துபோயிற்று. அத்தாச்சி காய்த்த முருங்கையைக் கட்டி எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போகும். நான் எடுத்துச் சமைப்பேன். நேருக்கு நேர் பார்த்தால் இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வோம். எங்க வீட்டுக்காரரிடம் நான் எதையும் சொல்லவில்லை. அக்கா கோபத்தில்தான் மறுத்தது என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அதற்காக ஒருநாளும் அவர் அத்தாச்சியைக் குறை சொல்லவில்லை. வாசலில் நடை கேட்டால், "அக்காவா?" என்பார். அத்தாச்சி பதில் சொல்லாமல் போய்விடும்.

நாலைந்து வருஷம் கழித்து, ஓர் ஐப்பசி அடைமழையில் அத்தாச்சி காய்ச்சலில் படுத்தது. எழவில்லை. நான் கஞ்சி கொண்டுபோய் வைத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டு என் கையைக் கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டது. மறுநாள் போய்விட்டது.

எங்கள் சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது. நட்ட வயலின் வரப்பில், முழங்கால் சேற்றில்தான் தூக்கிக்கொண்டு போகவேண்டும். பாடை கட்டினபிறகு எங்க வீட்டுக்காரர் எழுந்து, "நானும் தூக்கறேன்" என்றார். வேண்டாம் என்றார்கள். "வழிய நீங்க சொல்லுங்க, நான் தோள் குடுக்கறேன்" என்று முன்பக்கம் போய் நின்றுவிட்டார். செயலாளர் பக்கத்தில் வந்து, "எடது கால எடுத்து வையி, இப்ப வரப்பு" என்று சொல்லிக்கொண்டே போனார். மழை தூறிக்கொண்டிருந்தது. வயலுக்கு நடுவில் அவர்கள் தலை சின்னதாகிற வரைக்கும் நாங்கள் பெண்கள் பாலத்தில் நின்றோம்.

சாயங்காலம் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அத்தாச்சி ஒவ்வொரு தடவையும் எதற்குக் குடித்தது, அன்றைக்கு எதற்கு மறுத்தது, எல்லாவற்றையும். அவர் கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். கண்ணில்லாத முகத்தை வாசல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டார்.

பிறகு சொன்னார். "நம்ம தெருவுல ஒருத்தருக்காவது சாவப் புடிக்காமப் போச்சே. நல்லாருக்கட்டும்."

செத்துப்போன அத்தாச்சியைத்தான் நல்லாருக்கட்டும் என்றார். நான் திருத்தவில்லை.